பதினாறு ஸ்டூல்

லாரன்ஸ் ரோட்டில்
எங்கள் கடைக்கு ஐந்து மாடி.
மூன்றாவது பட்டு.
அங்கே பொம்மை உட்காரும்.
கல்யாணப் பெண்ணோடு வந்த ஏழு பேரும்
மெத்தையில் உட்கார்ந்து காப்பி குடிப்பார்கள்.
காலை ஒன்பதரைக்கு ஏறி நின்ற நாங்கள்
ராத்திரி ஒன்பதரைக்கு இறங்குவோம்.
இடையில் பகல் என்று ஒன்று வந்துபோனதாக
யாரோ சொல்லக் கேள்வி.

சுவரில் சாய்ந்தால் ஐம்பது ரூபாய்.
அபராதம் என்று சொல்ல மாட்டார்கள்,
பிடித்தம்.
யாருக்குப் பிடித்ததோ.
தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டும்,
போனால் நோட்டில் நேரம் எழுத வேண்டும்,
தாகத்தை முந்தானையில் முடிந்துகொண்டோம்.

அஞ்சலாட்சியின் கெண்டைக்காலில்
நீலமாய் ஒரு கெடிலம்,
வளைந்து வளைந்து,
சித்திரையிலும் வற்றாமல்.
நெல்லிக்குப்பம் பஸ்ஸில் சீட் கிடைத்தால்
செருப்பைக் கழற்றிப்
பாதத்தை மடியில் போட்டுத் தட்டுவாள்,
பிள்ளையைத் தூங்கவைப்பது மாதிரி.

கல்லைக் கட்டிக் கடலில் தள்ளினாலும்
கல்லே மிதந்து கரையேறிய ஊர் இது.
எங்கள் கல் மட்டும்
முழங்காலுக்குக் கீழே
கட்டியபடியே கிடந்தது.

சட்டம் வந்த செய்தியை
ரஹமத்துன்னிசாதான் போனில் காட்டினாள்.
கடையில் நின்று வேலை செய்பவர்
உட்கார இடம் தர வேண்டும்.
அவ்வளவுதான் விஷயம்.
சிரித்தோம்.
சிரித்த பிறகு, ஏனோ,
யாரும் யாரையும் பார்க்கவில்லை.
உட்காரக்கூட ஒரு சட்டமா என்று கேட்டார்
என் வீட்டுக்காரர்,
நாற்காலியில் இருந்தபடி.

ஸ்டூல் வந்தது. பதினாறு. சிவப்பு.
வந்த வேகத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி
ஸ்டோர் ரூமில் நிறுத்திவைத்தார்
சூப்பர்வைசர் கலியபெருமாள்.
பாவம், அதுவும் எங்களைப் போல நின்றது.

எழுதிப் போடலாம் என்றாள் தனக்கோடி.
பில் புத்தகத்தின் பின்பக்கம்,
கார்பன் வைத்து,
பதினோரு கையெழுத்து, ஒரு கைநாட்டு.
நாலு பேர் போடவில்லை.
அவர்கள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும்.
இங்கே நான் 'நாங்கள்' என்று எழுதும்போதெல்லாம்
அவர்களும் உண்டு.

பத்தொன்பது நாள் கழித்து,
ஆடித் தள்ளுபடி நெரிசலில்,
தோளில் பையோடு ஓர் அம்மாள் வந்தார்.
லிஃப்டில் இல்லை,
நாங்கள் ஏறும் பின்படியில்.
தொழிலாளர் ஆய்வாளராம்.
'உட்காருங்கம்மா' என்றார் முதலாளி மகன்.
'நான் உட்கார வரலை.
இவங்க உட்கார்றதைப் பார்க்க வந்தேன்.'

அரசாங்கம் என்றால்
ஜீப், மாலை, மேடை என்றிருந்தேன்.
அன்று அதற்கு மூச்சு வாங்கியது.
செருப்பு வார் பதிந்து
அதன் காலும் வீங்கியிருந்தது.
நின்றே எண்ணியது, நின்றே எழுதியது.

முதலில் அஞ்சலாட்சி.
உட்கார்ந்தாள் என்று சொல்ல முடியாது.
நுனியைத் தொட்டாள், எழுந்தாள்,
கேமராவைப் பார்த்தாள்,
புடவையை இழுத்துவிட்டாள்,
மறுபடி தொட்டாள்.
பிறகு
பதினான்கு வருஷம் ஒருசேர இறங்கியது.
ஸ்டூல் கிரீச்சென்றது.
ரஹமத்துன்னிசா அன்று
ஒரு பாட்டில் தண்ணீர் முழுதாய்க் குடித்தாள்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதலாம்.
பொய்.
பாதிப் பேருக்கு இன்னும் பி.எஃப். இல்லை.
முகூர்த்த நாளில்
ஸ்டூலைக் காலால் தள்ளிவிடுகிறார்கள்,
நாங்கள் இழுத்துப் போட்டுக்கொள்கிறோம்.
தள்ளுவதும் இழுப்பதுமாகப் போகிறது.

ஆயுத பூஜையன்று
கத்தரிக்கோலுக்கும் அளவுகோலுக்கும்
பில் மெஷினுக்கும் பொட்டு வைத்த தனக்கோடி
பதினாறு ஸ்டூலுக்கும் வைத்தாள்.
'இதுவுமா ஆயுதம்?' என்றார் கலியபெருமாள்,
ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு
எடையை மாற்றிக்கொண்டு.

அவரும் ஒன்பதரையிலிருந்து நிற்பவர்தான்.

கார்பன் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.
பதினேழாவதற்கு
எழுதிப் போட வேண்டும்.