ஏறிட்டா

பணகுடி கிளையில் பாஸ்புக் மெஷின்
கரகரத்து ஒரே ஒரு வரி அடித்தது:
தவணை தவறியதற்கு அபராதம், ஐந்நூற்றுத் தொண்ணூறு.
சம்பளம் இல்லை.

"ஒதுக்கீடு வரலியாம்மா. பட்டாளத்துக்கே வரல.
அடுத்த வாரம் வந்து பாருங்க."
பேனா மூடியைக் கடித்தபடி மேனேஜர்.
அபராதத்துக்கு மட்டும் ஒதுக்கீடு வந்துட்டா சார்
என்று வாய்வரை வந்தது.
பின்னால் வரிசை நின்றது.

பொன்னுலிங்கம் கடையில் உளுந்து ரெண்டு கிலோ கேட்டேன்.
ஒன்று நிறுத்தார்.
நோட்டில் "நாயக் இசக்கிதுரை வீடு" என்று எழுதும்போது
நாயக்கை மட்டும் கொஞ்சம் அழுத்தி எழுதினார்.
மரியாதையா, ஞாபகமா, தெரியவில்லை.

சனிக்கிழமை ராத்திரி போன் வந்தது.
அங்கேயும் காற்று, இங்கேயும் காற்று.
மகபூப்ஜான் கணவனும் அதே யூனிட்தான்;
முகாமில் நோட்டீஸ் ஒட்டி
பத்து நாளாச்சு என்று
அவள் காலையிலேயே சொல்லியிருந்தாள்.

"ஏறிட்டா?"
"ஏறிட்டு."
"முழுசாவா?"
"முழுசா."
கொஞ்ச நேரம் காற்று மட்டும் பேசியது.
"அப்ப சரி" என்றார்,
எல்லாம் தெரிந்தவர்.
"ரெண்டு மணிக்கு எனக்கு காவல்."

ரெண்டு மணிக்கு முழிப்பு தட்டியது.
மலையடிவாரம் முழுக்கக் காற்றாலைகளின் சிவப்பு விளக்கு,
அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து.
இந்நேரம் ஏறியிருப்பார் மேட்டில்.
ஒரு நிமிஷம் பிந்தினாலும் அங்கே கேள்வி உண்டு.

சின்னவன் புரண்டு படுத்தான்.
இருட்டில் தடவி
கம்மல் திருகில் ஒரு சொட்டு
தேங்காயெண்ணெய் விட்டேன்.
விடிவதற்குள் இளகிவிடும்.