சலங்கை வரலீங்க

மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் அளப்பேன்.
காற்றுப் பட்டால் ட்ரான்சிஸ்டர் ஓர் எண் சொல்லும்,
கை பட்டால் வேறொன்று.
கணபதியில், வார்ப்படப் பட்டறைக்குப் பின்னால்,
சித்திரை மாதம்,
இருநூறு வாங்கியதில் பதினாறு தேறியது.
எட்டு ஜோடி.
மிச்சத்தை மோட்டார் கன்ட்ரோலர் செய்கிறவர் எடுத்துக்கொள்வார்.

"பத்துப் பொருத்தம் பாக்கறீங்களாக்கா" என்று
வைண்டிங் போடும் ஜெபமணி சிரிப்பான்.
இதில் ஒரே பொருத்தம்தான்.
சுமை ஏறும்போது இரண்டும் ஒரே அளவு சூடாக வேண்டும்.
ஒன்று முந்திக்கொண்டால்
மற்றதன் பாரத்தையும் தானே இழுத்து எரிந்துபோகும்.

சூடான ஓசை, குளிர்ந்த ஓசை என்பார்கள் வாங்குகிறவர்கள்.
எனக்குத் தெரிந்த சூடு
பக்கவாட்டு அலுமினியத்தில் கை வைத்து
மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிடுவது.
பாட்டே இல்லாதபோதும் முழு மின்சாரம் தின்னும் வகை.
நாற்பத்திரண்டு கிலோ.
ஆம்னி வேனில் பின்சீட்டைக் கழற்றிவிட்டு
சோமனூருக்கு ஏற்றிப் போனோம்.

சென்னியப்பனின் ஸ்பீக்கர்கள் பீரோ உயரம்.
எட்டு ஓம் என்று எழுதியிருக்கும்,
தொண்ணூறு ஹெர்ட்ஸ் பக்கம் இரண்டேமுக்காலுக்கு இறங்கிவிடும்.
பழைய பெட்டி அங்கே மூச்சு வாங்கியதாம்.
என்னுடையது வாங்கவில்லை.
அவர் போட்ட முதல் பதிவு அவரே எடுத்தது:
மாரியம்மன் நோம்பியில் பெருஞ்சலங்கை ஆட்டம்.
மேளம் அடிவயிற்றில் இறங்கியது.
சலங்கையைக் கால் காலாக எண்ணலாம்போல இருந்தது எனக்கு.

பத்தாம் நாள் போன்.
"ஏனுங் அம்மணி, மத்ததெல்லாஞ் சரிங்க.
சலங்கை வரலீங்க."

திறந்து பார்த்தேன். பயஸ் சரி.
பொழுதோட, தறியெல்லாம் ஓடும்போது வோல்டேஜ் இருநூற்றெட்டு,
அதற்கும் அசரவில்லை.
ஸ்பீக்கர் ஒயரைக்கூட மாற்றினேன், நம்பிக்கை இல்லாமலே.
இருபதிலிருந்து இருபதாயிரம்வரை
கோடு இம்மி பிசகவில்லை.
மறுபடி போட்டோம்.
எனக்குச் சலங்கை.
அவருக்கு இல்லை.

அப்புறம்தான் ஆஸிலேட்டரை எடுத்தேன்.
"கேக்கறப்ப வெரலத் தூக்குங்க."
ஆயிரம். தூக்கினார்.
இரண்டாயிரம். தூக்கினார்.
மூவாயிரத்தில் யோசித்துத் தூக்கினார்.
நாலாயிரம்.
விரல் முழங்காலில் கிடந்தது.
கதவோரம் நின்ற மருமகள் காதைப் பொத்திக்கொண்டாள்.
எட்டாயிரத்தில்தான் அது மெல்ல எழுந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் இருபத்துநாலு தறி,
முப்பத்தொரு வருஷம், இரண்டு ஷிப்ட்.
நாடா போய்ப் போய் வந்து
தன் அளவுக்கு ஒரு குழி வெட்டிவைத்திருக்கிறது.
ட்ரான்சிஸ்டர் பார்த்தேன், ஸ்பீக்கர் பார்த்தேன்,
கரண்டைக்கூடப் பார்த்தேன்.
வரிசையில் கடைசியாக உட்கார்ந்திருந்ததைப் பார்க்கவில்லை.

"கெட்டுப்போச்சுங்களா?" என்றார்.
எதைக் கேட்டார் என்று தெரியவில்லை.
"சரி பண்ணிர்லாங்க" என்றேன்,
எதற்குச் சொன்னேன் என்றும்.

அன்றிரவு என் நேர்க்கோட்டை நானே வளைத்தேன்.
ஒரு ரெசிஸ்டர், ஒரு கெபாசிட்டர், ஜெபமணி சுற்றிய ஒரு காயில்.
நாலாயிரத்தில் ஒன்பது டெசிபல் மேடு.
எந்த லேபில் கொடுத்தாலும் திருப்பி அனுப்புவார்கள்.
மூடியின் உள்பக்கம் எப்போதும் பென்சிலில் என் பெயர் எழுதுவேன்.
இதில் அழிக்கலாமா என்று பார்த்தேன்.
அழிக்கவில்லை.

மறுபடி சோமனூர். அதே பதிவு.
எனக்கு அறை முழுக்கக் கண்ணாடி உடைந்தது.
சென்னியப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
"வந்துருச்சுங்க.
கடைசில ஆடறது எங்க மச்சாண்டாருங்க,
அவருக்கு எப்பவும் எடது காலு சித்தெ பிந்தும், கேளுங்க."
கேட்டது. பிந்தத்தான் செய்தது.

மருமகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.
பதிவு பதினாறு நிமிஷம்.
இரண்டு கையையும்
மடியை விட்டு எடுக்கவில்லை நான்.