அடியிலிருந்து

நார்வா. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ரஷ்யா.
இந்தப் பக்கம், நூலகத்தின் இரண்டாம் மாடியில்,
எஸ்தோனிய மொழி, தொடக்கநிலை, பாடம் பதினொன்று.
படத்தில் ஒரு மேசை, ஒரு பூனை.
கேள்வி: பூனை எங்கே?

ரதியோன் சவேலியெவிச், கடைசி நாற்காலி.
மின்நிலையத்தில் இருபத்தாறு வருஷம்.
பார்வை போய் நான்கு.
திரையை வாசிக்கும் குரல் அவர் காதில் சொன்னது:
ஐஎம்ஜி, அடிக்கோடு, பூஜ்யம், பூஜ்யம், நாற்பத்தேழு.
கை தூக்கினார்.
"பூனை நாற்பத்தேழில் இருக்கிறது, ஆசிரியரே."

எல்லோரும் சிரித்தோம்.
அன்றிரவு எனக்குத் தூக்கமே இல்லை என்று எழுதினால் பொய்.
நன்றாகத் தூங்கினேன்.
வியாழக்கிழமைதான் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

முதலில் அகப்பட்டது வேறொன்று.
இது எந்த மொழிப் பக்கம் என்று
தலையில் ஒரு வரி எழுத வேண்டும்.
நான் எழுதவில்லை.
அதனால் அந்தக் குரல் மூன்று மாதமாக
எஸ்தோனியச் சொற்களையெல்லாம்
ரஷ்ய நாக்கால் மென்று அவருக்கு ஊட்டியிருக்கிறது.
உச்சரிப்பு மோசம் என்று
மதிப்பெண் குறைத்தவள் நான்.

பிறகு பூனை.
படத்துக்குப் பதிலாகச் சொற்களை இட
ஒரு சின்னப் பெட்டி உண்டு.
'மேசைக்கு அடியில் பூனை' என்று எழுதினேன்.
கேள்வி அங்கேயே செத்தது.
'ஒரு பூனை, ஒரு மேசை' என்று மாற்றினேன்.
இனி யாராலும் விடை சொல்ல முடியாது,
அந்தப் பூனையாலும்.

பார்க்கிறவர்களுக்கு விடையை யாரும் சொல்வதில்லை.
கண் நடந்து போய் எடுத்துக்கொள்கிறது.
அந்த நான்கடி நடையை எப்படி எழுத?

சமையலறை மேசைக்கு அடியில் புகுந்தேன்,
முப்பத்தெட்டு வயதில், முட்டி வலிக்க.
விரிப்பின் குஞ்சம் காதில் உரசியது.
உச்சந்தலைக்கு மேல் 'டொக்': ரெய்கோ கோப்பையை வைத்தான்.
"என்ன தேடுகிறாய்?"
"பூனை."
"நம்மிடம் பூனை கிடையாதே."
"பேசாதே, எழுதிக்கொண்டிருக்கிறேன்."

செவ்வாய்க்கிழமை அவர் கேட்டார்:
'விரிப்பின் குஞ்சம் பூனையின் காதில் படுகிறது.
அதன் தலைக்கு மேல் யாரோ கோப்பையை வைக்கிறார்கள்.'
மறுபடி கேட்டார். இப்போது சரியான குரலில்.
உதடு அசைந்தது, நின்றது, அசைந்தது.
"மேசைக்கு... அடியில்."
வேற்றுமை உருபு பிசகவில்லை.

கடைக் காசாளர் ஸோயாவுக்குக் கோபம்.
"எங்கள் படத்தில் குஞ்சமே இல்லை.
எங்களுக்கும் அதையே வாசியுங்கள்."
திரையை அணைத்தேன்.

இடைவேளையில் அந்தப் பெட்டியின் பெயரைச் சொன்னேன்: அல்ட்.
அவர் காபியைக் கீழே வைத்தார்.
எங்கள் மொழியில் 'அல்' என்றால் அடியில்;
'அல்ட்' என்றால் அடியிலிருந்து.
பாடம் பதினொன்று, பக்கம் மூன்று.
"அது ஆங்கிலச் சுருக்கம்," என்றேன்,
"மாற்று என்று பொருள்."
"இருக்கட்டும்," என்றார்.
"பூனை வெளியே வருகிறது."

தேர்வு மார்ச்சில்.
அடுத்த பாடம்
நிறங்கள்.