பழுப்பில் அறுபது

பீனார் தெல் ரியோவில் பழுப்பு என்பது ஒரு நிறமல்ல.
காய்ந்த ஆரஞ்சுத் தோல்,
குதிரைச் சேணத்தின் அடிப்பக்கம்,
மழைக்கு முந்தின மண், மழைக்குப் பிந்தின மண்,
அறுபதுக்கு மேல் உண்டு.
பத்தொன்பது வருஷம் சுருட்டுகளை
நிறம் பார்த்துப் பிரித்த கை இது.
பெட்டிக்குள் இருபத்தைந்தும்
ஒரு வயிற்றுப் பிள்ளைகளாக இருக்க வேண்டும்:
இடது ஓரம் கருத்தது,
வலது ஓரம் ஒரு மயிரிழை வெளுத்தது.

தொண்ணூற்று மூன்று, மார்ச்.
மேற்பார்வையாளர் ஃபெர்மின்
ஒரு பெட்டியைத் திறந்து என் முன்னால் வைத்தார்.
"நெரெய்தா, இது பெட்டியா, சந்தைக்கடையா?"
எனக்கு எல்லாம் ஒன்றாகவே இருந்தன.
சிரித்து வைத்தேன்.

அந்த வருஷத்துச் சாப்பாட்டைச் சொல்ல
அதிக நேரம் ஆகாது.
காலையில் சர்க்கரைத் தண்ணீர்.
மத்தியானம் சோறு, முட்டைக்கோஸ்.
ராத்திரி சர்க்கரைத் தண்ணீர்,
இந்தத் தடவை சுடச்சுட.
எப்போதாவது ஒரு முட்டை வந்தால்
அது யுனியெலுக்கு. அவனுக்கு ஏழு வயது.
பெட்ரோல் வற்றிய ஊரில்
சீனச் சைக்கிளில் பதினோரு கிலோமீட்டர்.
இடைவேளையில் ஒரு சுருட்டு.
பசிக்கு அது கதவு சாத்தும், தாழ்ப்பாள் போடாது.

முதலில் போனது நடு.
ஓரங்கள் பத்திரமாக இருந்தன.
பிள்ளையை நேராகப் பார்த்தால்
கழுத்துக்கு மேல் ஒரு பிசுக்கு.
காதைப் பார்த்தால்தான்
கன்னம் கொஞ்சம் கிடைக்கும்.
"அம்மா, ஏன் என் காதோட பேசுறே?"

உள்ளங்காலில் எறும்புப் புற்று வேறு.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

டாக்டர் இதால்மிஸ் கண்ணைப் பார்ப்பார் என்று போனேன்,
அவர் வாயை விசாரித்தார்.
நேற்று என்ன? முந்தாநாள்?
போன ஞாயிற்றுக்கிழமை?
பிறகு காகிதத்தை மூடிவிட்டுச் சொன்னார்:
"சர்க்கரை விறகு மாதிரி.
பற்றவைக்கத் தீக்குச்சி வேண்டும்.
அதற்குப் பெயர் பி.
தீக்குச்சி இல்லாமல் நீ
விறகை மட்டும் அடுக்கிக்கொண்டே போயிருக்கிறாய்.
கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு பெருந்தீனிக்காரன்.
முதலில் அவன்தான் படுப்பான்."

எத்தனை பேர் படுத்திருந்தார்கள் என்று
அப்புறம்தான் தெரிந்தது.
பஸ் எண் தெரியாத ஓட்டுநர்,
கரும்பலகையில் எழுதியதை
வாசிக்க முடியாத ஆசிரியை.
அவரவர் வெட்கம் அவரவர் வீட்டுக்குள்.

மே மாதம் மாத்திரை வீடு வீடாக வந்தது.
பெயரெழுதி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு.
"சோற்றைக் கேட்டால் குண்டுமணியைத் தருகிறான்"
என்று ஃபெர்மின் தன் உறையை
மேஜை இழுப்பறைக்குள் எறிந்தார்.
நான் விழுங்கினேன்.

மறுநாள் காலை கழிவறையில்
மஞ்சள்.
சூரியகாந்தி வெட்கப்படும் மஞ்சள்.
பல மாதத்தில் சந்தேகமில்லாமல்
நான் பார்த்த முதல் நிறம்
என் மூத்திரம்தான்.
நின்று சிரித்தேன், சுவரைப் பிடித்துக்கொண்டு.
உடம்பு மிஞ்சியதை வெளியே தள்ளுகிறதாம்.
மிச்சம் என்ற சொல்லை அந்த வருஷம்
வேறெங்கும் நான் கேட்டதில்லை.

ஆகஸ்டில் யுனியெலின் மூக்கு வந்தது.
செப்டம்பரில் இரண்டு கண்கள்.
வலது புருவத்தின் குறுக்கே ஒரு தழும்பு,
நன்றாக ஆறி, வெளிறிப்போய்.
"இது எப்போடா?"
"ஏப்ரல்ல" என்றான்.
"நீதானே துடைச்சு விட்டே."

மேஜைக்குத் திரும்பினேன்.
அறுபதில் நாற்பது திரும்பியிருந்தது.
மழைக்கு முந்தின மண்ணும்
பிந்தின மண்ணும் இன்னும் ஒன்றுதான்.
அவற்றை விரலால் முகர்ந்து பிரிக்கிறேன்,
யாருக்கும் சொல்வதில்லை.

நேற்று எல்லோரும் போன பிறகு
ஃபெர்மின் வந்தார்.
கையில் இரண்டு சுருட்டுகள்.
"எது கருத்தது?"
சோதிக்கிறார் என்று நினைத்தேன்.
நிமிர்ந்து பார்த்தேன்.
அவர் என் காதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.