கார்டோபாவில் தெருவிளக்கு

இரவு பதினொன்றரைக்கு
இக்ரம் பாஷா கைப்பேசியில் கார்டோபாவைத் திறக்கிறார்.
ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே
அங்கே தெருவெல்லாம் விளக்காம்.
பத்து மைல் அந்த வெளிச்சத்திலேயே நடந்து போகலாமாம்.
"நம்ம காலம்" என்கிறார்,
தோல் ஷாப் சுண்ணாம்பு இன்னும் போகாத விரல்களால்
திரையைப் பெரிதாக்கிக்கொண்டே.

ஆற்காட்டில் எங்கள் சந்தில்
மூன்று மாதமாக விளக்கு இல்லை.
முந்தாநாள் அரைத்த மாவுத் தூக்கோடு
கம்பத்தில் மோதி
முட்டியைப் பெயர்த்துக்கொண்டவள் நான்.

ஞாயிற்றுக்கிழமைகளில்
பாலாற்றங்கரை டில்லி கேட் வளைவடியில் என்னை நிறுத்தி
இங்கிருந்து அதோ, அதுவரைக்கும்
நவாபு கோட்டை என்று கையை வீசுவார்.
கை போன திசையில் மணல், சீமைக்கருவேலம்,
பஞ்சராகி நிற்கும் ஒரு லாரி.

அந்தக் கோட்டையில் விளக்குக்கு எண்ணெய் ஊற்றினவன்
எவனாவது இருந்திருப்பான்.
நீங்கள் அவன் பேரனுக்குப் பேரன்,
நவாபுக்கு இல்லை.
ஒரே ஒருமுறை சொன்னேன்.
இரண்டு நாள் குழம்பில் உப்பில்லை என்றார்.

நகராட்சி மண்டபத்தில் நல்லிணக்க விழா.
மூன்று நாற்காலி, மூன்று பொன்னாடை.
சகிப்புத்தன்மை, சகிப்புத்தன்மை,
பதினாறு வரை எண்ணினேன்.
சகிப்பது எனக்குத் தெரியும்.
பஸ் தோல் ஷாப் பக்கம் திரும்பும்போது
மூக்கைப் பொத்திக்கொள்கிறார்களே, அது.
சத்துவாச்சாரியில் வாடகைக்கு வீடு கேட்டோம்.
இவர் பெயரைச் சொன்னதும்
"சாவி எங்க வீட்டுக்காரர்கிட்ட இருக்கு"
என்று சிரித்தார் அந்த அம்மா.
சாவி அவர் முந்தானை நுனியில் இருந்தது.

எதிர்வீட்டுத் தனபாக்கியம்
சந்து முழுக்கக் கையெழுத்து வாங்கி
மனுவை எடுத்துக்கொண்டு ஐந்து தடவை அலைந்தாள்.
அவள் நல்லிணக்கத்துக்காக அலையவில்லை.
அவள் மாமியாருக்கு இருட்டில் கண் தெரியாது.

நேற்று சாயங்காலம் வந்தார் லைன்மேன் பலராமன்.
ஏணி எட்டவில்லை.
எங்கள் மேசையை வெளியே போட்டு
அதன்மேல் ஏணி.
"பாய், இறுக்கிப் புடிங்க. எனக்கு ரெண்டு பொண்ணு."
"புடிச்சிருக்கேன், ஏறுங்க."
கழுத்து நரம்பு புடைக்க
அண்ணாந்து நின்றார் இக்ரம் பாஷா.
இவ்வளவு கவனமாக அவர் எதையும் பிடித்து
நான் பார்த்ததில்லை.

கார்டோபாவில் ஏணியை
யார் பிடித்தார்கள் என்று
அந்த வீடியோவில் இல்லை.

எரிந்தது. பூச்சிகள் உடனே வந்துவிட்டன.
மேசையைத் துடைத்தபடி தனபாக்கியம் கேட்டாள்,
எத்தனை நாள் தாங்கும்?
பலராமன் கையை உதறிக்கொண்டார்:
"ஆறு மாசம் கேரண்டி.
மழை பெஞ்சா நான் பொறுப்பில்ல."