ஷீலோ உறுமிய நாள்

ஷீலோ என்றால் ரஷ்ய மொழியில் குத்தூசி.
பெயர் வைத்தவன் எவனென்று தெரியாது.
லொவோஸெரோ பக்கம்
சுற்றுலாக்காரர்களைப் பனிவண்டியில் இழுத்து
நொடித்துப்போன பண்ணை.
இருபத்தாறு நாய்களில்
யாரும் கேட்காமல் மிஞ்சியது இது.
ஒரு கண் நீலம்,
மற்றது ஆறிப்போன தேநீர்.

கூட்டிவந்த பதினோராம் நாள்
மீன் கிண்ணத்தை நகர்த்தக் குனிந்தேன்.
சத்தமில்லை.
உதடு மடியவில்லை, காது சாயவில்லை.
அடுத்த நொடி
என் முன்கை அதன் வாய்க்குள் இருந்தது.

ஏழு தையல்.
மூன்று வாரம் கிரேன் ஏறவில்லை.
மூர்மன்ஸ்க் துறைமுகத்தில்
நிலக்கரி யாருக்காகவும் காத்திருப்பதில்லை.

படிக்கட்டுக் கதவில்
மூன்றாம் மாடி க்ளெப் தாள் ஒட்டினான்:
ஓநாயை வெளியேற்றவும்.
அண்ணன் போனில் கத்தினான்:
"கழுத்தைப் பிடித்துத் தரையில் அழுத்து, ரிம்மா.
யார் எஜமான் என்று காட்டு."
இதே வாக்கியத்தை
என் முன்னாள் கணவனும் சொல்லியிருக்கிறான்,
நாயைப் பற்றியல்ல.

குரைக்கிற நாய் கடிக்காது என்பார்கள்.
இந்த ஹஸ்கி இனம் குரைப்பதே அபூர்வம்.
ஊளையிடும், முனகும்,
வாடகை பாக்கிக்காரன் போல
விடிய விடிய வாதாடும்.
பழமொழிக்கு இங்கே வேலையில்லை.

வெஸ்னினா டாக்டர்
அதன் கழுத்து ரோமத்தை விரலால் வகுந்து காட்டினார்.
தோலில் ஒரு வளையம், மழமழவென்று,
முடி முளைக்காமல்.
கம்பிச் சுருக்கு.
"உறுமும்போதெல்லாம் இறுக்கியிருக்கிறார்கள்.
உறுமலை விட்டுவிட்டது, பயத்தை விடவில்லை.
ரயில்வே கேட்டில்
மணியை மட்டும் கழற்றிவிட்டார்கள்.
ரயில் வந்துகொண்டுதான் இருக்கிறது."

அன்றிலிருந்து கிண்ணத்தருகே போவதில்லை.
தூர நின்று ஒரு துண்டு மீனை வீசிவிட்டு
முதுகு காட்டி நடப்பேன்.
இது எடுக்க வருகிற கை அல்ல, கொடுக்க வருகிற கை.
இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடிக்க
நாற்பது நாள் ஆயிற்று.

வாய்ப்பூட்டின் உட்புறம் பாலாடைக்கட்டி தடவினேன்.
முதல் வாரம் முகர்ந்தது.
இரண்டாம் வாரம் தானே மூக்கை நுழைத்தது.

ஓடப் பிறந்த உடம்பு.
ஐந்தாம் மாடியில் பூட்டி வைத்தால்
ஓட்டம் எங்கே போகும்?
பல்லுக்குப் போகும்.
ஷிப்ட் முடிந்ததும் இடுப்பில் வார் கட்டி
ஏரியைச் சுற்றி எட்டு கிலோமீட்டர்,
சூரியனே வராத டிசம்பரில்,
தலையில் விளக்கோடு.
விழுந்தேன். தாயையும் சேர்த்துத் திட்டினேன்.
ஓடி வந்து முகத்தை நக்கவெல்லாம் இல்லை,
நின்று காத்திருந்தது.

தப்பும் செய்தேன்.
புத்தாண்டு இரவு, வாணவேடிக்கை.
கட்டிலடியில் நடுங்கியதைத் தடவிக்கொடுக்கக்
கையை நீட்டிவிட்டேன்.
கையுறையோடு போயிற்று.

பிறகு ஜனவரி.
சூரியன் திரும்பிய நாளல்ல,
அதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு செவ்வாய்.
எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தது.
துடைப்பத்தோடு நான்
ஓர் அடி கூடுதலாக வைத்துவிட்டேன்.
முதலில் குளிர்பெட்டியின் சத்தம் என்றுதான் நினைத்தேன்.
அடித்தொண்டையில் துருவேறிய ஒலி.
குளிர்காலம் முழுக்க ஓடாத எஞ்சின் போல
ஒருமுறை தடுமாறி
பிடித்துக்கொண்டது.

உறுமல்.

"கேட்டது," என்றேன்.
பின்னால் ஓர் அடி.
இன்னும் ஓர் அடி.
நீலக் கண் நிமிர்ந்து
நான் உண்மையிலேயே விலகிவிட்டேனா என்று பார்த்தது.
எலும்புக்குத் திரும்பியது.

சமையலறையில் நின்று
துடைப்பத்தைப் பிடித்தபடி அழுதேன்.
ஏனென்று க்ளெப்புக்கு விளக்க முடியாது.
அவன் தாள் இன்னும் அங்கேதான்,
ஒரு மூலை பெயர்ந்து.

ஞாயிறன்று அண்ணன் கேட்டான்:
"அடங்கிவிட்டதா?"
"இல்லை. வாய் திறந்திருக்கிறது."
அவன் மறுபடி தொடங்கினான்,
கழுத்து, தரை, எஜமான்.
பேச்சின் நடுவிலேயே போனை வைத்தேன்.
கதவருகே அது
ஆணியில் தொங்கும் வாரையும்
என்னையும் மாறி மாறிப் பார்த்து
வாதாடத் தொடங்கியிருந்தது.