ஒடுக்கு

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
யார் வீட்டுக் கொல்லைக்குள்ளும் நான் போகலாம்.
மின்வாரியத்தில் கணக்கெடுப்பவன்.
மீட்டருக்கு ஒரு கண் போதும்.
மற்றது
உரச்சாக்குக்குப் பின்னால், கோழிக்கூண்டுக்கு அடியில்
ஹேண்டில்பார் ஏதும் துருத்துகிறதா என்று மேயும்.

அப்படித்தான் கண்ணில் பட்டது,
கொரடாச்சேரி தாண்டி, பாண்டவையாற்றுக் கரையில்
இந்திராணியம்மாள் வீட்டு மாட்டுக்கொட்டகையில்
ஒரு ஜாவா.
மைசூரில் செய்தது.
உதைக்கிற லிவரே கியருக்கும்.
கன்றுக்குட்டியை அதில்தான் கட்டியிருந்தார்கள்.

"விக்கிறதில்ல" என்றார்.
பதினோரு ரீடிங்.
பதினோரு தடவையும் மோர் கொடுத்து
"விக்கிறதில்ல."
அதற்குள் கன்று வளர்ந்து சினைப்பட்டு
இன்னொரு கன்றுக்கு இடம் தேவைப்பட்டது.
"எடுத்துட்டுப் போ."
விலை கேட்டேன்.
"ஒரு கட்டுத்தறிக்கு என்ன விலையோ அது."

ஒரு சைலன்சரில் குளவிக்கூடு.
மற்றதில் எந்த வருஷத்து வெள்ளமோ
வண்டலாய் இறுகிக் கிடந்தது,
கம்பி விட்டுக் குடைந்தேன், ஒரு படி தேறும்.
சீட்டுக்குள் எலி குடும்பம் நடத்திய வைக்கோல்.
கார்புரேட்டர் பட்டுக்கோட்டையில்
ஒரு தேங்காய் மண்டியில்
பில் பறக்காமல் உட்கார்ந்திருந்தது.
ஹெட்லைட் வளையத்தை நாகூரில் ஒருவர்
முகம் பார்க்கும் கண்ணாடிக்குச் சட்டமாக்கியிருந்தார்;
புதுக் கண்ணாடி வாங்கிக் கொடுத்தேன்.
"பெத்த பிள்ளை எந்த கிளாஸ்னு கேட்டா முழிக்கிறீங்க,
பிஸ்டன் அளவு மட்டும் தூக்கத்துலயும் வருது"
என்றாள் சுகந்தி.
அறுபத்தைந்து மில்லிமீட்டர்.
பிள்ளை, ஆறாவதாக இருக்கலாம்.

டாங்கியின் இடப்பக்கம் ஓர் ஒடுக்கு,
உள்ளங்கை குவித்து வைக்கலாம்.
டிங்கர் கனி சுத்தியை எடுத்தார்: "அரை மணி வேலை."
வேண்டாம் என்றேன்.
ஊரறிந்த கதை அது.
காமன் பண்டிகை ராத்திரி
கலியமூர்த்தி குடித்துவிட்டு வண்டியோடு
வாய்க்காலில் இறங்கியது.
ஒரு டீக்கடையில் மதகு இடித்தது என்பார்கள்,
அடுத்த டீக்கடையில் எருமை.
"துருவை எடுப்பேன் பாய், நடந்ததை எடுக்க மாட்டேன்"
என்று பெரிய பேச்சுப் பேசினேன்.
கனி பாய் ஒன்றும் சொல்லாமல் பீடி பற்றவைத்தார்.
ஒடுக்கோடு சேர்த்தே மெரூன் அடித்தார்.
பொன்கோடு இழுத்தபோது
பள்ளத்தில் கோடு இறங்கி ஏறியது.

நாற்பத்திரண்டாவது உதைக்குப் பிடித்தது.

அடுத்த ரீடிங்குக்கு அதிலேயே போனேன்.
வெள்ளைப் புகை.
நாற்றுமுடி சுமந்தவர்கள் நின்று பார்த்தார்கள்.
கொக்குகள் அசையவில்லை,
டிராக்டர் பழகியவை.

இந்திராணியம்மாள் சாணிக்கையோடு வந்தார்.
சக்கரம் பார்த்தார், விளக்கு பார்த்தார்.
அழுவார் என்று நினைத்தேன்,
ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளலாம் என்றுகூட.
புறங்கையால் டாங்கியைத் தொட்டார்.

"இத ஏன் எடுக்கல?"

அவர் ஞாபகமாக இருக்கட்டும் என்று, வாய்க்காலில்...

"வாய்க்கால்ல விழுந்தாரா? யாரு சொன்னா?
நான் உலக்கையால போட்டது.
மனுஷன் விலகிட்டாரு."

வண்டி நின்ற இடத்தில் உறுமிக்கொண்டிருந்தது.
கொஞ்ச நேரம் காது கொடுத்தார்.

"அதே சத்தம்தான்.
நல்லாத்தான் பண்ணியிருக்க.
ராத்திரில மட்டும்
இந்த வழியா ஓட்டாத தம்பி."

உள்ளே போய் மோர் கொண்டுவந்தார்.
உப்பு கொஞ்சம் தூக்கல்.

மீட்டரில் தொண்ணூற்றாறு யூனிட்.
அட்டையில் எழுதினேன்: கட்டணம் இல்லை.

ஆணி போன்ற அந்தச் சாவியைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டு
மதகு வரைக்கும்
வண்டியைத் தள்ளிக்கொண்டே போனேன்.
நல்ல வெயில்.
பகல் பன்னிரண்டு மணி.